எந்தக் கடம்பு?

மதுராந்தகம் என்ற பெயரிலேயே ஒரு பழைய வஞ்சம் இருக்கிறது. மதுரைக்கு அந்தகன், அதாவது பாண்டியன் தலைநகருக்கு எமன் என்று சோழர்கள் வைத்துக்கொண்ட பட்டப்பெயர் அது. உத்தம சோழனுக்கு அந்தப் பெயர் நிலைத்தது; செங்கல்பட்டுச் சீமையில் ஓர் ஊருக்கும் நிலைத்தது. மதுரையின் தலமரமோ கடம்பு. மதுரைக்கே கடம்பவனம் என்று ஒரு பெயர் உண்டு. அந்தக் கடம்பின் பெயரைச் சுமக்கும் மரம் ஒன்று, மதுராந்தகம் வட்டத்து வேடந்தாங்கல் ஏரியில் வருஷத்தில் பல மாதம் தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது. அதன் தலைமேல் நத்தைகொத்தி நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டிக் குடித்தனம் நடத்துகின்றன.

பெயரைச் சுமக்கிறது என்பதுதான் சரி. மதுரைக் கடம்பும் வேடந்தாங்கல் கடம்பும் ஒரே மரமல்ல. தாவரவியல் கணக்குப்படி தூரத்துப் பங்காளிகள்கூட அல்ல. பிறகு எப்படி இரண்டுக்கும் ஒரே பெயர் வந்தது?

வேடந்தாங்கலுக்கு வருகிறவர்கள் ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் கூட்டுரோட்டில் திரும்பி, வயல்களுக்கு நடுவே போய், ஏரிக்கரையில் ஏறி, காட்சிக் கோபுரத்தில் நின்று பறவை பார்க்கிறார்கள். ஏரி அப்படியொன்றும் பெரிதில்லை. சுமார் 30 ஹெக்டேர்தான். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, கோடையில் வற்றும் சாதாரணப் பாசன ஏரி. உள்ளே கருவேல மரங்களும் இந்த மரமும் தோப்பாக நிற்கின்றன. கூழைக்கடா எங்கே, கரண்டிவாயன் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. அது உட்கார்ந்திருக்கும் மரம் என்னவென்று கேட்பவர்கள் குறைவு. கேட்டால் ஊர்க்காரர்கள் தயங்காமல் சொல்லும் பெயர் ‘கடப்ப மரம்’.

தாவரவியலில் அதன் பெயர் பாரிங்டோனியா அக்யூடாங்குலா. தமிழ் அகராதிகளில் செங்கடம்பு. நாட்டு மருந்துக் கடையில் அதன் காய்க்குச் சமுத்திரப்பழம் என்று பெயர். சில புத்தகங்கள் நீர்க்கடம்பு என்றும் எழுதுகின்றன. இத்தனை பெயரிலும் கொச்சையாக ஒலிப்பது ஊர்க்காரர் சொல்லும் ‘கடப்ப’தான். கடம்பைச் சொல்லத் தெரியாமல் கடப்ப என்று சிதைத்துவிட்டார்கள் என்று படித்தவர்கள் நினைக்கக்கூடும். உண்மையில் இலக்கணத்துக்கு மிக நெருக்கமாக நிற்பது அந்தச் சொல்தான்.

வேம்பு, தனியே நிற்கும்போது வேம்பு. மரத்தோடு சேர்ந்தால் வேப்ப மரம். பூவோடு சேர்ந்தால் வேப்பம்பூ. ‘வேம்ப மரம்’ என்று யாரும் சொல்வதில்லை. கரும்பு, சாறாகும்போது கருப்பஞ்சாறு. இரும்பு, சட்டியாகும்போது இருப்புச் சட்டி. மெல்லின எழுத்துக்குப் பின் குறுகிய உகரத்தில் முடியும் சொல், இன்னொரு சொல்லோடு புணரும்போது மெல்லினம் வல்லினமாகிவிடுகிறது. மரப்பெயர்கள் இடையில் ‘அம்’ என்ற சாரியை பெறும். இந்த விதியில் கடம்பை வைத்துப் பார்த்தால் கடப்ப மரம், கடப்பம்பூ என்றுதான் வரவேண்டும். வேடந்தாங்கலில் அப்படியே வருகிறது. தொல்காப்பியம் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லா மரப்பெயரும் இப்படி வலித்துவிடாது, மெல்லினத்தோடே நிற்கும் மரங்களும் உண்டு என்றும் சொல்லிவைத்திருக்கிறது. குருந்து அப்படி, அது குருந்த மரம்தான், ‘குருத்த மரம்’ ஆகாது. குளித்தலையின் பழைய பெயரான கடம்பந்துறையில் கடம்பும் மெல்லினத்தோடே நிற்கிறது. எந்த இலக்கண விதிதான் நூற்றுக்கு நூறு ஓடியிருக்கிறது! ஆனால் வேடந்தாங்கல் விவசாயியின் வாயில் அது வேம்பின் வழியிலேயே ஓடுகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டு நகரலாம். வீட்டுச் சமையல் மேடைக்குப் போடும் கடப்பைக் கல்லுக்கும் இந்தக் கடப்ப மரத்துக்கும் எந்த உறவும் இல்லை. ஆந்திரத்துக் கடப்பையின் பெயர் தெலுங்கு ‘கடப’விலிருந்து வந்தது, வாசற்படி என்று பொருள். திருப்பதிக்குப் போகும் வாசல் அந்த ஊர்.

இப்போது மரங்களுக்கு வரலாம். தமிழில் கடம்பு என்ற பெயர் குறைந்தது நான்கு மரங்களுக்கு உண்டு. முதலாவது வெண்கடம்பு, பந்து வடிவில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்து, வடநாட்டில் கண்ணனோடு சேர்த்துப் பேசப்படும் கதம்ப மரம் அதுதான். இரண்டாவது மஞ்சள் கடம்பு. உயர்ந்து வளர்ந்து நல்ல பலகை தருவது. மூன்றாவது நீர்க்கடம்பு, ஓடைக்கரைகளிலும் குளக்கரைகளிலும் வளர்வது, சிறிய பந்துப் பூ. இந்த மூன்றும் காபிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்றின் பூவும் உருண்டை. அளவில்தான் வித்தியாசம், ஆகவே மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்ததில் ஆச்சரியம் இல்லை.

நான்காவதான செங்கடம்பு வேறு சாதி. நம்மூர்க் கோயில்களில் காணும் நாகலிங்க மரத்தின் குடும்பம் அது. இன்னும் மேலே போய் வரிசையைப் பார்த்தால் தேயிலைச் செடி அங்கே இருக்கிறது. மகிழ மரமும் இருக்கிறது. மதுராந்தகத்தில் பெரிய நம்பியிடம் ராமானுஜர் பஞ்ச சம்ஸ்காரம் என்ற வைணவ தீட்சை பெற்றது ஒரு மகிழ மரத்தடியில் என்பது வைணவர்கள் அறிந்த செய்தி. ஆக, வெண்கடம்பு காபிக் கட்சி, செங்கடம்பு டீக் கட்சி. மதுராந்தகத்தின் புகழ்பெற்ற மகிழமும் டீக் கட்சிதான்.

செங்கடம்பின் பூவைப் பக்கத்தில் பார்த்தவர்கள் அதை உருண்டை என்று சொல்லமாட்டார்கள். கிளை நுனியிலிருந்து ஒரு முழத்துக்குக் குறையாத சரம் ஒன்று கீழ்நோக்கித் தொங்கும். அதன் நெடுகிலும் சின்னச் சின்ன மொட்டுகள். இருட்டிய பிறகு ஒவ்வொன்றாக விரியும். இதழ் என்று பெயருக்கு நான்கு உண்டு. கண்ணில் படுவது இதழல்ல, அதிலிருந்து வட்டமாக வெடித்து நிற்கும் சிவந்த கேசரங்கள். அந்துப்பூச்சிகள் இரவிலேயே வந்து போய்விடும். விடியும்போது பூ உதிர்ந்து, தண்ணீரின் மேலும் சேற்றின் மேலும் சிவப்பு நூல்களாகப் பரவிக் கிடக்கும். பகலில் வருகிறவருக்கு மிச்சம் அவ்வளவுதான். பிறகு வரும் காய் விரல் நீளத்துக்கும் குறைவு. நான்கு பக்கமும் விளிம்பு கட்டியிருக்கும். ‘அக்யூடாங்குலா’ என்ற லத்தீன் சொல் அந்தக் கூரிய விளிம்பைத்தான் குறிக்கிறது. இலை, உதிரும் முன்னால் செம்பு நிறமாகும்; வரும் தளிரும் சிவப்புதான். செங்கடம்பு என்ற பெயரில் உள்ள செம்மைக்குப் பூ மட்டுமல்ல, இலையும் சாட்சி.

அப்படியானால் சங்கப் புலவர்கள் பாடிய கடம்பு எது? இந்தக் கேள்வி தமிழறிஞர்களை நெடுநாள் அலைக்கழித்திருக்கிறது. பி.எல். சாமி, கு. சீநிவாசன் போன்றவர்கள் சங்க நூல்களின் செடிகொடிகளுக்குத் தாவரவியல் பெயர் தேடித் தனி நூல்களே எழுதினார்கள். திருமுருகாற்றுப்படையின் தொடக்கத்தில் முருகன் மார்பில் புரளும் மாலை வருகிறது. அது பருத்த அடிமரத்தை உடைய மராஅம் என்ற மரத்தின் பூவால் தொடுத்தது. பூ, தேர்ச்சக்கரம் போல வட்டமானது. பழைய உரை அந்த மராஅத்துக்குச் செங்கடம்பு என்று பொருள் சொல்கிறது. அதே பாட்டின் பின்பகுதியில் முருகன் உறையும் இடங்களை அடுக்கும்போது ஆற்றிடைக்குறை, ஆறு, குளம், சந்தி என்று சொல்லிக்கொண்டே வந்து கடம்பு மரத்தையும் சேர்க்கிறார் நக்கீரர். அங்கே மராஅம் என்று சொல்லவில்லை, கடம்பு என்றே சொல்கிறார். ஒரே பாட்டில் இரண்டு சொல்.

பரிபாடலில் செவ்வேளைப் பாடும் பாட்டு, கடம்பின் பூங்கொத்தையே உருளை என்கிறது. கொத்தே உருண்டையாக இருப்பது வெண்கடம்பில். செங்கடம்பில் தனிப்பூ வட்டம், கொத்தோ சரம். மாலையாகத் தொடுக்க வேண்டிய சிரமமே இல்லாமல் மாலையாகவே தொங்குவது செங்கடம்பு. உருண்டு புரள்வது வெண்கடம்பு. இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. பரிபாடலைப் பொறுத்தவரை வெண்கடம்பின் பக்கம் தராசு சாய்கிறது என்று தோன்றுகிறது. திருமுருகாற்றுப்படையில் உரைகாரர் செங்கடம்பு என்றதையும் எளிதில் தள்ள முடியாது.

மதுராந்தகத்துக்குச் சொந்தமான நூலையும் கேட்கலாம். மதுராந்தகம் இருக்கும் தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, முருகனைக் கடம்பில் அமர்ந்த நெடுவேள் என்றே குறிக்கிறது. கடம்பு முருகனுக்கு மட்டும் உரியதும் அல்ல. பரிபாடலில் திருமாலைப் பாடும் பாட்டொன்று ஆலமரத்தையும் கடம்பையும் ஆற்று நடுத் திட்டையும் அவன் இருப்பிடங்களாக ஒரே மூச்சில் சொல்கிறது. கடவுள் யாராக இருந்தாலும் கடம்பைச் சொல்லும் பாட்டில் தண்ணீர் பக்கத்திலேயே வருகிறது. நான்கு கடம்புகளில் பெரும்பாலானவை ஈர மண்ணை விரும்புபவை என்பதோடு இது பொருந்துகிறது.

பகைவரின் காவல் மரமாகவும் கடம்பு வருகிறது. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தில் குமட்டூர்க் கண்ணனார் பாடும் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், கடலுக்குள் போய்ப் பகைவரின் கடம்பை வெட்டி, அந்த மரத்திலேயே முரசு செய்துகொண்டான். முரசு செய்ய உகந்த மென்மரம் என்றால் வெண்கடம்பு நினைவுக்கு வரும். கடல் நடுவே நின்றது என்றால் செங்கடம்பின் கடலோரச் சகோதரி நினைவுக்கு வருவாள். அவளைப் பற்றிப் பின்னால்.

கடம்பைக் குலப்பெயராக வைத்துக்கொண்ட அரசர்களும் உண்டு. கர்நாடகத்து பனவாசியை ஆண்ட கதம்பர்கள், தங்கள் வீட்டருகே ஒரு கதம்ப மரம் வளர்ந்து நின்றதால் அந்தப் பெயர் வந்தது என்று தாளகுந்தா தூண் கல்வெட்டில் பொறித்துவைத்தார்கள். வம்சத்தை நிறுவிய மயூரசர்மன் நான்காம் நூற்றாண்டில் குருவோடு காஞ்சிபுரத்துக் கடிகைக்குப் படிக்கப் போனான். அங்கே பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு சண்டை. தர்ப்பை பிடித்த கையால் வாள் பிடித்து, பல்லவரை எதிர்த்து நாடே அமைத்துவிட்டான். மதுராந்தகத்திலிருந்து காஞ்சி கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். ஒரு மாணவனின் கோபத்தில் ஒரு மரத்தின் பெயர் ராஜ்ஜியமான கதை இந்தப் பக்கத்தில்தான் தொடங்கியது.

கடம்பு, கதம்பம்: இந்த இரண்டு ஒலியையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வடமொழியில் கதம்ப என்பது பல்லின் ஓரம் ஒலிக்கும் ‘த’வோடு வருவது. தமிழில் நா மடங்கும் ‘ட’. கன்னடத்தில் கடம்பு, கடவ, தெலுங்கில் கடிமி, இவற்றிலும் நா மடங்குகிறது. யாரிடமிருந்து யார் வாங்கினார்கள் என்பதில் மொழியறிஞர்கள் கட்சி கட்டி நிற்பார்கள். வடமொழியிலிருந்து நேரே இறங்கிய சொல்லாக இருந்தால் தமிழில் ‘த’வே தங்கியிருக்கும். அப்படித் தங்கிய சொல்லும் ஒன்று இருக்கிறது: கதம்பம். வடமொழியில் கதம்ப என்பதற்குக் கூட்டம், தொகுதி என்றும் பொருள் உண்டு. மல்லி, மரிக்கொழுந்து, கனகாம்பரம், சாமந்தி எல்லாம் கலந்து கட்டிய சரத்தைக் கதம்பம் என்று கோயில் வாசலில் முழம் போட்டு விற்கிறார்கள். கலவைச் சாதம் கதம்ப சாதமாகிறது. மரம் ‘ட’ வழியாகவும் மாலை ‘த’ வழியாகவும் தமிழுக்குள் தனித்தனியே வாழ்கின்றன. இதனாலேயே மரத்தின் பெயர் தென்னாட்டுச் சொத்தாக இருக்கலாம் என்ற பக்கம் வலுவாகத் தெரிகிறது.

வேடந்தாங்கல் மரத்தை வடமொழி கதம்பம் என்று அழைக்கவே இல்லை என்பது இன்னொரு செய்தி. அங்கே அதற்கு நிசுலம், ஹிஜ்ஜலம் என்று தனிப்பெயர்கள். காளிதாசனின் மேகதூதத்தில் ஈரத்தில் நிற்கும் நிசுலம் வருகிறது. உரைகாரர் மல்லிநாதர் அதைப் பிடித்துக்கொண்டு, நிசுலன் என்று காளிதாசனுக்கு ஒரு கவி நண்பன் இருந்தான், இது சிலேடை என்று சொல்லிவிட்டார். ஹிஜ்ஜலம் வங்காளத்தில் ஹிஜல் ஆகி, ஜீவனானந்த தாஸின் கவிதைகளில் நிழல் விரித்து நிற்கிறது. வடக்கே இரண்டு மரத்துக்கு இரண்டு பெயர். தமிழில் மட்டும் ஒரே குடும்பப் பெயர் வைத்து, முன்னால் வெண், செம், மஞ்சள், நீர் என்று முதலெழுத்து போட்டு வேறுபடுத்தினார்கள். முதலெழுத்துகள் புத்தகத்தில்தான் ஒழுங்காக நிற்கும். வேடந்தாங்கலில் மற்ற மூன்று கடம்புகளும் பேச்சில் இல்லாததால், ஏரியில் நிற்கும் ஒன்றே கடப்ப மரம். முதலெழுத்துக்குத் தேவையே இல்லை.

ஊர்ப்பெயர்களும் முதலெழுத்தை விழுங்கிவிடுகின்றன. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடம்பாடி. செங்கல்பட்டு மாவட்டத்தில் பெரிய தாவரவியல் பூங்கா வரப்போவதாக அரசு அறிவித்த கடம்பூர். திருவள்ளூர்ப் பக்கம் கடம்பத்தூர். எந்தக் கடம்பு என்று ஊர் சொல்வதில்லை.

தமிழர்கள்தான் பெயரில் குழம்பினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வெண்கடம்புக்கு விஞ்ஞானிகள் நெடுங்காலம் ஆந்தோசெபாலஸ் என்ற பெயரை வைத்திருந்தார்கள். அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரி மடகாஸ்கரில் எடுத்த வேறொரு மரம் என்பது பிறகு தெரிந்தது. 1984-ல் பிரெஞ்சுத் தாவரவியலர் பாஸர் நியோலமார்க்கியா என்று புதுப் பேரினம் உண்டாக்கி அந்தச் சிக்கலை அவிழ்த்தார். இன்னும் பல பட்டியல்களில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறது.

செங்கடம்பின் விஞ்ஞானப் பெயரில் இதைவிடச் சுவையான பாதை இருக்கிறது. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற வைத்தியர்களின் துணையோடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ நூலில் இந்த மரம் மலையாளப் பெயரோடு படமாக இருக்கிறது. அந்தப் பதிவை அடிப்படையாக வைத்து லின்னேயஸ் 1753-ல் நாவல் வகையறாவோடு சேர்த்து யூஜினியா அக்யூடாங்குலா என்று பெயரிட்டார். காய்களையும் விதைகளையும் அறுத்துப் பார்த்தே வகைப்படுத்திய ஜெர்மானியர் கேர்ட்னர் 1791-ல் அதைப் பாரிங்டோனியாவுக்கு மாற்றினார். பாரிங்டோனியா என்ற பேரினத்தை உண்டாக்கியவர்கள், கேப்டன் குக்கின் இரண்டாவது கடற்பயணத்தில் கூடவே போன ஃபார்ஸ்டர் தந்தையும் மகனும்.

யார் அந்த பாரிங்டன்? டெய்ன்ஸ் பாரிங்டன், இங்கிலாந்தின் நீதிபதி, தாவரவியலர் அல்ல. கில்பர்ட் வைட் எழுதிய செல்போர்ன் ஊரின் இயற்கை வரலாற்றில் பாதிக்கு மேற்பட்ட கடிதங்கள் இவருக்கு எழுதியவை. 1765-ல் லண்டனில் இருந்த சிறுவன் மோட்சார்ட்டை உட்காரவைத்துச் சோதித்து ராயல் சொசைட்டிக்கு அறிக்கை எழுதியவரும் இவரே. அதைவிட முக்கியமானது 1773-ல் பறவைகளின் பாட்டைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை. ஓர் இனக் குஞ்சை வேறு இனப் பறவையின் பாட்டு மட்டும் காதில் விழும்படி வளர்த்தால் அது வளர்ப்பவரின் பாட்டையே பாடும் என்று, கூண்டுப் பறவைகளை வைத்துச் சோதித்துக் காட்டினார். பறவைப் பாட்டைச் சோதித்த மனிதரின் பெயரை வாங்கிய மரத்தில் இந்தியாவின் மிகப் பழைய நீர்ப்பறவைச் சரணாலயம் அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் நல்ல தற்செயல்.

அந்தச் சரணாலயத்தைத் தொடங்கிவைத்ததும் ஊர்க்காரர்கள்தான். வேடந்தாங்கல் என்றால் வேடனின் தாங்கல். பறவை தங்கும் இடம் என்று பலர் விளக்கம் சொல்கிறார்கள். ஆனால் தாங்கல் என்பது செங்கல்பட்டுச் சீமையில் சிற்றேரிக்குப் பெயர். சென்னைப் பழவந்தாங்கலிலும் அதுவே. வேட்டைக்கு உகந்த ஏரியாக இருந்த இடத்தில் கும்பினிச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு ஜாகீர் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798-ல் அவர் பறவைகளைச் சுடக்கூடாது என்று ‘கவுல்’ எழுதிக்கொடுத்தார். கவுல் என்றால் உறுதிமொழிப் பத்திரம். அரபியிலிருந்து வந்த வருவாய்த் துறைச் சொல். மதுராந்தகத்து ஏரி காத்த ராமர் கதையில், உடையவிருந்த கரையைக் காத்த ராமலட்சுமணரை மழை இரவில் கண்டு தாயார் சன்னிதி கட்டிக்கொடுத்தாரே, அதே பிளேஸ் துரை.

ஊர்க்காரர்களுக்குப் பறவைமேல் பாசம் மட்டும் காரணமல்ல. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்ந்தால் உரம் போடாமலே பயிர் தழைக்கும். சுட்டால் பறவை போகும்; பறவை போனால் உரம் போகும். அந்தக் கணக்கு மரத்துக்கும் பொருந்தும். பறவை கூடு கட்ட மரம் வேண்டும்; அதுவும் தண்ணீர் சூழ்ந்த மரமாக இருந்தால்தான் பூனையும் கீரியும் ஏறி வந்து முட்டையைத் தொடாது. மாதக்கணக்கில் தண்ணீரில் நிற்க வேர் அழுகாத மரம் வேண்டும். கோடையில் ஏரி வெடித்துக் காய்ந்தாலும் சாகாத மரம் வேண்டும். இரண்டையும் தாங்குவது கடப்ப மரம். வெள்ளம் இறங்கி வறட்சி வரும்போது இலையை உதிர்த்து, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். உச்சியில் நாரைகள், கொஞ்சம் கீழே வக்காக்கள், பக்கத்தில் பாம்புத்தாரா என்று ஒரே மரத்தில் மாடி மாடியாகக் கூடு. சீசன் முடியும்போது இலையெல்லாம் எச்சத்தில் வெளுத்துக் கிடக்கும்.

வேடந்தாங்கலை 1936-ல் அரசு சரணாலயமாக ஏற்றது. பக்கத்துக் கரிக்கிலியோடு சேர்த்து 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் இந்த ஏரியின் பறவைகளைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர்களில் முக்கியமானவர்.

கடப்ப மரமும் பறவையும் சேர்ந்த இந்தக் காட்சி கடல் தாண்டியும் உண்டு. கம்போடியாவின் தொன்லே சாப் ஏரி பருவமழையில் பல மடங்கு ஊதிப் பெருகி, கரையோரக் காட்டை மூழ்கடிக்கும். அந்த மூழ்கும் காட்டின் முக்கிய மரங்களில் ஒன்று இதே பாரிங்டோனியா அக்யூடாங்குலா. அங்குள்ள பிரெக் தோல் காப்பகத்தில் கூழைக்கடா, நாரை, பாம்புத்தாரா எல்லாம் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பெரிய நீர்ப்பறவைக் குடியிருப்பு அது. மொழி வேறு, ஏரியின் அளவு வேறு; மரமும் பறவையும் செய்துகொண்ட ஏற்பாடு ஒன்றுதான். வியட்நாமின் ஹனோய் நகர நடுவே உள்ள ஹோன் கீயெம் ஏரிக்கரையில் இந்த மரம் இலை உதிர்க்கும் பருவத்தில் படமெடுக்கக் கூட்டம் கூடுகிறது. சிங்களத்தில் இதற்கு எல மிதெல்ல என்று பெயர். ‘எல’ என்றால் ஓடை. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் நன்னீர் அலையாத்தி என்கிறார்கள். வங்கதேசத்தில் மழைக்காலத்தில் வெள்ளம் நிறையும் தாழ்நிலங்களான ஹாவோர்களில் மீனவர்கள் ஹிஜல் தோப்புகளை விட்டுவைக்கிறார்கள். அலையைத் தடுக்கும், மீனுக்கு ஒதுக்கிடம் தரும் என்பதால்.

மீனுக்கு ஒதுக்கிடம் தரும் மரமே மீனுக்கு நஞ்சும் தரும். பட்டையிலும் காயிலும் உள்ள சபோனின் என்ற நுரைக்கும் பொருள், தண்ணீரில் கலந்தால் மீனை மயக்கி மிதக்கவிடும். பல நாட்டு மீனவர்கள் இதைத் தெரிந்து பயன்படுத்தினார்கள். சித்த வைத்தியத்தில் காயைச் சமுத்திரப்பழம் என்று வாங்கி, கல்லில் இழைத்துப் பயன்படுத்துவார்கள். அளவு தெரியாமல் தொடக்கூடாத சரக்கு அது.

சமுத்திரப்பழம் என்ற பெயர்தான் புதிர். நன்னீர் ஏரியில் வளரும் மரத்தின் காய் எப்படிச் சமுத்திரத்துப் பழமானது? வடமொழியின் சமுத்திரபலம் அப்படியே தமிழானது என்று அகராதி முடித்துவிடும். தமிழ்நாட்டில் பேரேரிக்கும் சமுத்திரம் என்று பெயர் வைக்கும் வழக்கம் உண்டு என்பதை நினைத்து அங்கே கொஞ்சம் தங்கத் தோன்றும். ஆனால் நேரான விடை குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. ஃபார்ஸ்டர்கள் முதலில் பார்த்த பாரிங்டோனியா கடற்கரை மரம். அதன் காய் பெட்டி வடிவில் நாரடைத்து, மாதக்கணக்கில் கடலில் மிதந்து, தொலைதூரத் தீவுகளில் கரையேறி முளைக்கும். இந்தோனேசியக் கடற்கரைத் தாவரக் கூட்டத்துக்கே ‘பாரிங்டோனியா அமைப்பு’ என்று ஜெர்மானியர் ஷிம்பர் பெயர் வைத்தார். இமயவரம்பன் கடலுக்குள் போய் வெட்டிய கடம்பு பற்றி முன்னால் விட்டுவைத்த சந்தேகம் இந்தச் சகோதரியைச் சுற்றித்தான். அவள் காய்க்கு உரிய பெயர் ஏரிக்கரைத் தங்கைக்கும் ஒட்டிக்கொண்டது என்றால் நம்பலாம்.

பெயர்க் குழப்பம் புலவர் வீட்டோடு நிற்பதில்லை, நாற்றங்காலுக்கும் வருகிறது. ஏரிகளைத் தூர்வாரும் ஊர்கள் இப்போது கரையிலும் உள்ளேயும் மரம் வைக்க விரும்புகின்றன. கடம்பு என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது வெண்கடம்பு. வேகமாக வளரும், பலகைக்காகவும் தீக்குச்சிக்காகவும் நடுவது. ஈரக்கரையில் அது நன்றாகவே இருக்கும். ஆனால் ஏரி நடுவே பருவம் முழுக்க அடிமரம் மூழ்கி நிற்பது செங்கடம்பின் பழக்கம். நீர்க்கடம்பு என்று கேட்டாலும் நிச்சயமில்லை. ஒரு புத்தகத்தில் அது காபிக் குடும்பத்து மரம், இன்னொன்றில் செங்கடம்பு. நாற்று வாங்கப் போகிறவர் பெயரை விட்டுவிட்டுத் தாய்மரத்தின் காயைக் காட்டச் சொல்வது நல்லது. உருண்டையாக இருந்தால் கரைமேட்டுக்கும் தோட்டத்துக்கும். நான்கு பக்கமும் விளிம்பு கட்டியிருந்தால் ஏரிக்குள் வைக்கலாம். அதுதான் வேடந்தாங்கல் கடப்ப மரம்.